குழந்தையின் கைப்பேசிக்கு வரம்பு வகுப்பது எப்படி?

குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்னும் உடனே எழுந்து செல்வதில்லை. "டாக்டர், இன்னொன்று கேட்க வேண்டும்" என்று தயங்கித் தொடங்குவார்கள். மகன் இரவு பதினொரு மணிக்கு மேலும் விளையாடிக்கொண்டிருக்கிறான். மகள் கைப்பேசி இல்லாமல் ஒரு வாய்ச் சோறு உண்பதில்லை. பிடுங்கினால் வீடே அமளியாகிறது. இதற்கு ஏதேனும் வழி உண்டா என்பார்கள். கைப்பேசியை விற்றுவிடலாமா என்று கேட்பவரும் உண்டு.

விற்க வேண்டியதில்லை. வகுப்பு ஆசிரியரின் அறிவிப்பும், வீட்டுப்பாடமும், தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியின் முகமும் இன்று கைப்பேசி வழியாகத்தான் குழந்தையை வந்தடைகின்றன. அதன் பயன்பாட்டுக்கு வரம்பு வகுக்கும் வசதிகள் இப்போதைய திறன்பேசிகளில் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் அவற்றைப் பொருத்திவிடலாம். எப்படிப் பொருத்துவது, எந்த வயதில் எவ்வளவு நேரம் தருவது, தொடர் சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் கைப்பேசியில் எதைப் பூட்டவே கூடாது ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் காக்க வேண்டியது தூக்கம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டுப்படுத்த முயலும் பெற்றோர் விரைவில் களைத்துப்போகிறார்கள். மருத்துவ நோக்கில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், தூக்கத்துக்கு என்பேன்.

6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. இரவு நெருங்கும்போது மூளையில் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. கண்ணருகே பிடித்த திரையின் ஒளி அச்சுரப்பைத் தாமதப்படுத்தக்கூடும். ஒளியைவிடவும் பெரிய தடை, திரையில் ஓடும் உள்ளடக்கம். முடிவில்லாமல் அடுத்தடுத்து வரும் குறுங்காணொளியும், பாதியில் நிறுத்த முடியாத விளையாட்டும், நண்பர் குழுவில் வந்து விழும் செய்தியும் மனத்தை விழிப்பிலேயே வைத்திருக்கின்றன. உறக்கம் குறைந்த குழந்தைக்கு மறுநாள் தலைவலியும் எரிச்சலும் கவனக்குறைவும் வருவது இயல்பு.

இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தை பள்ளிக்குச் செல்லக் காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமானால், இரவு ஒன்பது மணிக்குள் உறங்கியிருக்க வேண்டும். கைப்பேசி எட்டு மணிக்கே ஓய்வுக்குச் சென்றால்தான் அது நடக்கும். எனவே கைப்பேசியில் நீங்கள் பொருத்தும் முதல் வரம்பு இரவு நேர வரம்பாக இருக்கட்டும். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்ற விவாதத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வயதில் எவ்வளவு?

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் தெளிவானது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். உறவினரோடு எப்போதாவது காணொளி அழைப்பில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. 2 முதல் 5 வயதுக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதுவும் பெரியவர் உடனிருக்கும்போது மட்டும் பார்க்கலாம். 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதில் உறக்கம், வெளி விளையாட்டு, படிப்பு, குடும்பத்தாருடன் பேசுவது ஆகியவற்றுக்குரிய நேரத்தைத் திரை விழுங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நேரக் கணக்கில் தொலைக்காட்சியும் அடங்கும். மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சித் தொடர் பார்த்த குழந்தைக்குக் கைப்பேசியில் தனியாக இரண்டு மணி நேரம் தருவது வரம்பாகாது. வெயில் தணிந்த பின் வெளியே ஓடியாடுவது உடல் எடைக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் நல்லது. வெளிச்சமான திறந்த வெளியில் நாள்தோறும் நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்புக் குறைகிறது.

பொருத்துவதற்கு முன் சொல்லுங்கள்

குழந்தை உறங்கும்போது கைப்பேசியை எடுத்து, அதற்குத் தெரியாமல் பூட்டுகளைப் போட்டுவிடும் பெற்றோர் உண்டு. மறுநாள் காலை குழந்தை முதலில் கற்றுக்கொள்வது, பெற்றோரை நம்ப முடியாது என்பதே. அடுத்து அந்தப் பூட்டை உடைக்கும் வழியைக் கற்றுக்கொள்கிறது. உரையாடல்களை மறைந்திருந்து படிக்கும் ஒற்றுச் செயலிகளுக்கு நான் ஆதரவாளன் அல்லன். அவற்றுள் பல, குழந்தையின் தகவலை வேறு யாருக்கோ திறந்துவிடும் அபாயமும் கொண்டவை.

ஆகவே முதலில் சொல்லுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இப்படிச் சொன்னால் போதும்: "கண்ணு, ராத்திரி எட்டு மணிக்குப் போனும் தூங்கப் போகும். காலையில் மறுபடி எழுந்துவிடும்." பதினான்கு வயது மகளிடம் காரணத்தோடு பேச வேண்டும்: "உன் மேல் சந்தேகம் எதுவும் இல்லையம்மா. தெரியாத ஆட்கள் உன்னிடம் வரக் கூடாது, நீ நன்றாகத் தூங்க வேண்டும், அதற்காகத்தான் இது. உன் தோழிகளோடு நீ பேசுவதை நான் படிக்க மாட்டேன். எதையெல்லாம் நான் பார்க்க முடியும் என்பதை இப்போதே உனக்குக் காட்டுகிறேன்." சொன்னபடி காட்டவும் வேண்டும். எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் என்பதில் குழந்தையின் கருத்தையும் கேளுங்கள். தான் ஒப்புக்கொண்ட விதியைக் குழந்தை ஓரளவேனும் மதிக்கும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் என்னும் செயலி உள்ளது. பெற்றோரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு ஆனாலும் ஐஃபோன் ஆனாலும் அதில் இச்செயலி இயங்கும்.

1. பெற்றோரின் கைப்பேசியில் ஃபேமிலி லிங்க் செயலியை நிறுவி, உங்கள் கூகுள் கணக்கால் உள்ளே செல்லுங்கள்.

2. குழந்தைக்குக் கூகுள் கணக்கு இல்லையெனில், இச்செயலியிலேயே புதிதாகத் தொடங்கலாம். பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். பெரியவர் என்று காட்டுவதற்காகப் பொய்யான ஆண்டைக் கொடுத்திருந்தால் பெற்றோர் கண்காணிப்பை அக்கணக்கில் பொருத்த இயலாது. வயது வந்தோருக்கான விளம்பரமும் உள்ளடக்கமும் தடையின்றி வரும்.

3. குழந்தையிடம் ஏற்கெனவே கணக்கு இருந்தால், அதன் கைப்பேசியில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'பேரண்டல் கண்ட்ரோல்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியலின் அமைப்பு மாறுவதால் தேடிச் செல்வதே எளிது. அங்கு கேட்கப்படும் இடங்களில் குழந்தையின் கணக்கையும், பின்னர் உங்கள் கணக்கையும் கொடுத்து இணையுங்கள்.

4. இணைந்ததும் உங்கள் கைப்பேசியிலிருந்தே வரம்புகளை வகுக்கலாம். முதலில் இரவு ஓய்வு நேரத்தை அமையுங்கள். பிறகு நாளுக்குரிய மொத்த நேரத்தையும், தேவைப்பட்டால் தனித்தனிச் செயலிகளுக்குரிய நேரத்தையும் அமையுங்கள்.

5. பிளே ஸ்டோரிலிருந்து எதை இறக்கினாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்னும்படி மாற்றுங்கள். செயலிகளுக்கு 3+, 7+, 12+, 16+, 18+ என வயதுக் குறிகள் இருக்கும். குழந்தையின் வயதுக்கு மேற்பட்டவற்றைத் தடுத்துவிடலாம்.

6. கூகுள் தேடலில் 'சேஃப் சர்ச்' என்னும் வடிகட்டியையும், குரோம் உலாவியில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வசதியையும் இயக்குங்கள்.

தேர்வு முடிந்த நாளிலோ உறவினர் வந்திருக்கும் நாளிலோ கூடுதல் நேரம் தர விரும்பினால், விதியையே தளர்த்த வேண்டாம். அன்றைக்கு மட்டும் கூடுதல் நேரம் வழங்கும் வசதி அச்செயலியிலேயே உண்டு.

ஐஃபோனில்

ஐஃபோனில் 2018ஆம் ஆண்டு முதல் ஸ்கிரீன் டைம் என்னும் வசதி உள்ளடங்கியே வருகிறது. பெற்றோரிடமும் ஐஃபோன் இருந்தால், குடும்பப் பகிர்வில் குழந்தையைச் சேர்த்து உங்கள் கைப்பேசியிலிருந்தே நிர்வகிக்கலாம். இல்லையெனில் குழந்தையின் கைப்பேசியிலேயே செட்டிங்ஸ் பக்கத்தில் ஸ்கிரீன் டைம் பகுதிக்குச் சென்று பொருத்தலாம்.

அங்கு 'டவுன்டைம்' என்பது இரவு ஓய்வு. 'ஆப் லிமிட்ஸ்' என்பது செயலிகளுக்கான நேரம். 'ஆல்வேஸ் அலவ்டு' என்பது எந்நேரமும் திறந்திருக்க வேண்டிய செயலிகளின் பட்டியல். 'கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்னும் பகுதியில் புதிய செயலி நிறுவுவதையும், விளையாட்டுக்குள் பணம் செலுத்தி வாங்குவதையும், வயதுக்கு ஒவ்வாத இணையதளங்களையும் தடுக்கலாம்.

இரண்டு செய்திகளைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஸ்கிரீன் டைம் பகுதிக்கெனத் தனிக் கடவு எண் வைக்க வேண்டும். அது கைப்பேசியைத் திறக்கும் எண்ணாக இருக்கக் கூடாது. அடுத்து, செயலிக்கு நேரம் வகுக்கும்போது 'பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்' என்பதை இயக்க வேண்டும். அதை இயக்காவிட்டால் நேரம் முடிந்ததும் ஓர் அறிவிப்புத்தான் வரும்; குழந்தை அதைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து விளையாடலாம். வரம்பு வைத்தும் பயனில்லை என்று சொல்லும் பெற்றோர் இதை ஒருமுறை சரிபார்க்கவும்.

எந்தக் கைப்பேசி ஆனாலும் கடவு எண்ணாகப் பிறந்தநாளையோ வண்டி எண்ணையோ வைக்காதீர்கள். குழந்தைகள் முதலில் முயல்வது அவற்றைத்தான்.

பெற்றோரின் கைப்பேசியே குழந்தையின் கையில்

நம் வீடுகள் பலவற்றில் குழந்தைக்கெனத் தனிக் கைப்பேசி இருப்பதில்லை. அப்பா வேலையிலிருந்து திரும்பியதும் அவருடைய கைப்பேசிதான் கைமாறுகிறது. அதில் அலுவல் தகவலும் வங்கிச் செயலியும் உறவினர் குழுக்களும் இருக்கும். அங்கே வேறு வழிகள் உண்டு.

ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்ற வசதியை இயக்கினால், நீங்கள் திறந்து கொடுத்த ஒரே செயலியில் மட்டும் குழந்தை இருக்கும். வெளியேற உங்கள் கடவு எண் வேண்டும். ஐஃபோனில் இதே வேலையை 'கைடட் ஆக்சஸ்' செய்கிறது. செட்டிங்ஸ் பக்கத்தில் அக்சஸிபிலிட்டி பகுதியில் அது இருக்கும். சிறு குழந்தைகளுக்குப் பொதுவான யூடியூபைத் திறந்து கொடுக்காமல் யூடியூப் கிட்ஸ் செயலியைக் கொடுங்கள். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்கும் 'ஆட்டோபிளே' வசதியை அணைத்துவிடுங்கள். 'இது முடிந்ததும் தந்துவிடு' என்ற உங்கள் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் இருக்கும்.

பணம் செலுத்தும் செயலியின் ரகசிய எண்ணைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள்; அவசரத்துக்குக் கடைக்கு அனுப்பும்போதும் சொல்ல வேண்டாம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள்.

சிகிச்சையில் உள்ள குழந்தையின் கைப்பேசி

இப்பகுதியைத் தொடர் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். சில குழந்தைகளுக்குக் கைப்பேசி ஒரு மருத்துவக் கருவியும் ஆகும். அதைப் பூட்டினால் தீங்கு நேரக்கூடும்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள் சிலர் கையில் குளுக்கோஸ் சென்சார் அணிந்திருப்பார்கள். அது சர்க்கரை அளவைப் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. உறக்கத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், எச்சரிக்கை ஒலி எழுப்பிப் பெற்றோரை எழுப்ப வேண்டியது அந்தச் செயலியே. நீங்கள் நல்லெண்ணத்தோடு பொருத்திய இரவு ஓய்வு, அதே செயலியை ஊமையாக்கிவிடலாம். ஆகவே:

குளுக்கோஸ் செயலியை எப்போதும் அனுமதிக்கப்படும் செயலிகளின் பட்டியலில் சேருங்கள். அதற்கு நேர வரம்பு வைக்காதீர்கள்.

இரவில் கைப்பேசியை அணைக்காதீர்கள், புளூடூத்தை நிறுத்தாதீர்கள், 'டு நாட் டிஸ்டர்ப்' நிலையும் மின்கலச் சேமிப்பு நிலையும் அச்செயலியைத் தடுக்காதபடி பாருங்கள்.

குழந்தையின் சர்க்கரை அளவை உங்கள் கைப்பேசியில் காட்டும் துணைச் செயலியைப் பயன்படுத்தினால், அதற்கு இணைய இணைப்பும் வேண்டும். இரவில் வைஃபை கருவியை அணைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இது மறந்துபோகும்.

பூட்டு நேரத்தில் எச்சரிக்கை ஒலிக்கிறதா என்பது எல்லாக் கைப்பேசிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே முதல் இரவுக்கு முன், பகலிலேயே பூட்டை இயக்கி, எச்சரிக்கை அளவைத் தற்காலிகமாக மாற்றி ஒலிக்கச் செய்து பாருங்கள். சோதித்த பின் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். ஒலிக்கவில்லையெனில் அக்கைப்பேசியில் இரவுப் பூட்டு வேண்டாம். விளையாட்டுச் செயலிகளை மட்டும் தனித்தனியே நிறுத்திவிட்டு, அடுத்த வருகையில் எங்கள் நீரிழிவுக் குழுவிடம் கேளுங்கள். இக்குழந்தைகளின் கைப்பேசி பெற்றோர் படுக்கும் இடத்துக்கு அருகே, புளூடூத் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் குழந்தைகளுக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டக்கூடும். அவர்களுக்கு இரவு வரம்பு மருந்தளவு முக்கியம். மினுங்கும் ஒளியால் வலிப்பு வருவது அவர்களுள் சிறு பகுதியினருக்கே. மூளை மின்னலைப் பரிசோதனையில் அது தெரிந்திருந்தால் மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அக்குழந்தைகள் இருட்டறையில் திரை பார்க்கக் கூடாது. திரை வேகமாக மினுங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ், தொடர்ந்து இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றுக்காக நாள் கணக்கில் வார்டில் இருக்கும் குழந்தைகளின் நிலை வேறு. ஊசி போடும்போது பிடித்த காணொளியில் கவனம் சென்றால் வலியும் அச்சமும் குறைகின்றன. எங்கள் செவிலியரே அதை ஊக்குவிப்பார்கள். பள்ளி நண்பர்களோடு பேசுவது மனத்துக்குத் துணை. ஆகவே வார்டில் பகல் நேர வரம்பைத் தளர்த்துங்கள். குற்ற உணர்வு வேண்டாம். இரவு வரம்பை மட்டும் விடாதீர்கள். நோயிலிருந்து மீளும் உடலுக்கு உறக்கம் தேவை. அடுத்த கட்டிலில் உள்ள குழந்தைக்கும் தேவை. காதுக்கருவி இல்லாமல் ஒலி வைக்க வேண்டாம். பிற நோயாளிகள் தெரியும்படி படமோ காணொளியோ எடுத்துப் பகிரக் கூடாது என்பதைக் குழந்தைக்கு விளக்குங்கள். வீடு திரும்பியதும் பழைய வரம்புக்கு ஒரே நாளில் தாவாமல், ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் கொண்டு வாருங்கள்.

எந்த நோயுள்ள குழந்தை ஆனாலும், தொலைபேசி அழைப்பும் மருந்து நினைவூட்டும் செயலியும் எந்நேரமும் திறந்திருக்கட்டும். பெற்றோரின் எண்களும் மருத்துவமனையின் அவசர எண்ணும் அதில் பதிவாகியிருக்கட்டும்.

பூட்டால் முடியாதவை

எத்தனை கவனமாகப் பொருத்தினாலும், நண்பனின் கைப்பேசிக்கு நீங்கள் வரம்பு வைக்க முடியாது. குழந்தை வேறு பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கலாம். வன்முறை இல்லாத விளையாட்டு என்று நீங்கள் அனுமதித்ததிலேயே, முன்பின் அறியாதவர் உரையாட வரும் வாய்ப்பு இருக்கலாம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டும் 13 வயதுக்கு உட்பட்டோருக்குக் கணக்கு அனுமதிப்பதில்லை. ஆயினும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளும் அவற்றில் இருப்பதை நாம் அறிவோம்.

எனவே பூட்டைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று வேண்டும். இணையத்தில் தவறான ஒன்று நேர்ந்தால் குழந்தை முதலில் ஓடிவர வேண்டியது உங்களிடம். "சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற அச்சமே பல குழந்தைகளின் வாயை அடைக்கிறது. ஒரு வாக்குறுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: "யாராவது உன்னிடம் தப்பாகப் பேசினாலும், படம் அனுப்பச் சொன்னாலும், பணம் கேட்டு மிரட்டினாலும் எங்களிடம் சொல். நீயே தவறு செய்திருந்தாலும் சொல். திட்ட மாட்டோம், போனையும் பிடுங்க மாட்டோம்." அப்படி ஒருநாள் குழந்தை வந்து சொல்லும்போது அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். உங்கள் முகம் மாறினால்கூட அது பாதியிலேயே நிறுத்திவிடும்.

மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், வந்த படங்களை வேறு எவருக்கும் அனுப்பவும் செய்யாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பறிபோன இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணை விரைந்து அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், 2012 பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஊர் அறிந்துவிடுமே என்ற அச்சத்தால் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது வர வேண்டும்?

கைப்பேசியை வாங்கும்போது குழந்தை முகம் சுளிப்பதும் சற்று நேரம் அழுவதும் நோயல்ல. முதல் ஒன்றிரண்டு வாரம் எதிர்ப்பு இருக்கும்; உறுதியாகவும் கனிவாகவும் இருந்தால் பெரும்பாலும் தணியும்.

விளையாட்டை நிறுத்த முயன்றும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாகிவிடுதல், கெடுதல் நேர்வது தெரிந்தும் தொடர்தல் ஆகியவை நீடித்து, படிப்பும் உறவும் உடலும் பெரிதும் பாதிக்கப்பட்டால் அது கேமிங் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதைச் சேர்த்துள்ளது. பொதுவாக ஓராண்டுக் காலப் போக்கைக் கொண்டு இதை உறுதி செய்வோம் என்றாலும், உதவி தேட ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. சில குழந்தைகளிடம் இதன் பின்னே மனச்சோர்வோ, கவனக்குறைவுக் கோளாறோ, பள்ளியில் யாரோ செய்யும் கொடுமையோ இருப்பதைக் காண்கிறோம். அங்கே கைப்பேசியைப் பூட்டுவது மட்டும் தீர்வாகாது.

குழந்தை உண்ணாமல் உறங்காமல் இருந்தால், பள்ளிக்குச் செல்ல மறுத்தால், கைப்பேசிக்காக வீட்டாரைத் தாக்கினால், தனித்தே இருந்தால் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால், விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றினாலும், அன்றே வாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

பெரியவர்களுக்கும் பொருந்தும்

வரம்பு வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அம்மா மறுத்ததைப் பாட்டி இரக்கப்பட்டுக் கொடுத்தால் விதி இரண்டே நாளில் கலையும். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடமும் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் குழந்தையோடு செய்ய வேறு வேலை ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணவு நேரத்தில் எவர் கையிலும் கைப்பேசி வேண்டாம். திரையைப் பார்த்தபடி உண்ணும் குழந்தைக்குப் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை.

கூடத்தில் ஒரு மூலையில் எல்லாக் கைப்பேசிகளுக்கும் சார்ஜ் போடும் இடம் ஒன்றை ஏற்படுத்துங்கள். இரவில் குழந்தையின் கைப்பேசியும் உங்களுடையதும் அங்கேயே இருக்கட்டும். சென்சார் அணிந்த குழந்தையின் வீட்டுக்கு மட்டும் மேலே சொன்ன விதிவிலக்கு. காலையில் எழுப்பக் கைப்பேசி வேண்டுமே என்பவர்கள் சிறிய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை குழந்தையோடு அமர்ந்து வரம்புகளை மறுபரிசீலனை செய்யுங்கள். பொறுப்பாக நடந்திருந்தால் சிறிது தளர்த்துங்கள். அதைக் குழந்தையிடம் சொல்லியே தளர்த்துங்கள். பத்து வயதில் நீங்கள் முடிவு செய்த பலவற்றைப் பதினாறு வயதில் அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். பதினெட்டு வயதில் இந்தச் செயலி எதுவும் அவர்கள் கைப்பேசியில் இருக்காது. எப்போது நிறுத்துவது என்பதை அதற்குள் அவர்கள் தாமாகவே கற்றிருக்க வேண்டும்.

பொருத்துவதில் ஐயம் எழுந்தால் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது குழந்தையின் கைப்பேசியையும் உடன் கொண்டு வாருங்கள். குழந்தையையும் உடன் வைத்துக்கொண்டே பார்ப்போம்.